பி செல்லை மறைத்து எழுதிய தீர்ப்பு

தடுப்பூசி போட்ட சில மாதங்களில் இரத்தத்தில் எதிர்ப்பொருள் பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது. ஆகவே தடுப்பூசி தரும் பாதுகாப்பு வெறும் தோற்றம். ஆகவே ஐந்து வயதில் போடும் ஊக்கத் தவணையைப் பெற்றோர் துணிந்து மறுக்கலாம். சென்ற இதழில் வந்த நீண்ட கட்டுரை இந்த மூன்று வாக்கியங்களுக்காகவே எழுதப்பட்டிருக்கிறது. மற்றதெல்லாம் இவற்றுக்கு முட்டுக்கொடுக்க அடுக்கியவை. முதல் வாக்கியம் பல தடுப்பூசிகளுக்கு உண்மை. இரண்டாவது தவறு. மூன்றாவது ஆபத்து. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவும் இடத்தில் கட்டுரையாளர் ஒரு செல்லை மறைத்துவிட்டார். எதிர்ப்பொருளைப் பற்றியே எழுதிய கட்டுரையில், அந்த எதிர்ப்பொருளைச் சுரக்கும் பி லிம்போசைட், அதாவது பி செல் பற்றி ஒரே ஓர் இடத்தில்தான் பேச்சு வருகிறது. அதுவும், அது இல்லாமலே மனிதன் வாழ்ந்துவிடலாம் என்று நிரூபிப்பதற்காக.

எனக்கு இதில் கோபம் உண்டு. கட்டுரையாளர் விவரம் தெரியாதவர் அல்லர். ஆய்வுத்தாள்களைத் தேடி எடுத்துப் படிக்கத் தெரிந்தவர். எதிர்ப்பொருள் குறைவதைக் காட்டும் ஆய்வுகளைப் படித்தவர் கண்ணில் நினைவு செல்கள் பற்றிய ஆய்வுகள் படாமல் போயிருக்க வழியே இல்லை; இரண்டும் பெரும்பாலும் ஒரே ஆய்விதழ்களில், சில நேரம் ஒரே தாளில் வருபவை. தெரிந்தும் விட்டுவிட்டு எழுதியிருக்கிறார். கைக்குழந்தையோடு இருக்கும் தாய் அதைப் படித்து முடிவெடுப்பார் என்பதும் அவருக்குத் தெரியும்.

விட்டுப்போனதை முதலில் சொல்கிறேன். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் விரலால் அழுத்திப் பார்த்து, "நெறி கட்டியிருக்கு, புண்ணைக் கவனி" என்பார்கள். அந்த உருண்டை ஒரு நிணநீர் முடிச்சு. அதற்குள் அப்போது பி செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன. எலும்பு மஜ்ஜையில் அன்றாடம் புதிதாகப் பிறக்கும் பி செல்கள் ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் ஒரு தனித்த வடிவமுள்ள ஏற்பியைத் தாங்கி வருகிறது. மரபணுத் துண்டுகளை வெட்டி, மாற்றி மாற்றி ஒட்டி இந்தப் பலவகை வடிவங்களை அது உண்டாக்குகிறது. இதை 1976-இல் நிறுவிய சுசுமு டொனேகாவாவுக்கு 1987-இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி எது என்று தெரிவதற்கு முன்பே வடிவங்கள் தயார். உள்ளே நுழைந்த கிருமியோடு எது பொருந்துகிறதோ அந்தச் செல் மட்டும் தேர்வாகிப் பெருகும். ஆஸ்திரேலியாவின் மக்ஃபார்லேன் பர்னெட் 1957-இல் இப்படித்தான் நடக்கவேண்டும் என்றார். ஒரு செல் ஒரே வகை எதிர்ப்பொருளைத்தான் சுரக்கிறது என்று மறு ஆண்டே நாசலும் லெடர்பெர்க்கும் ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள்.

பெருகும் செல்கள் அப்படியே நின்றுவிடுவதில்லை. நிணநீர் முடிச்சுக்குள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், அவை தங்கள் எதிர்ப்பொருள் மரபணுவில் தாங்களே சிறு சிறு மாற்றங்கள் செய்துகொள்கின்றன. கிருமியை இன்னும் இறுக்கமாகப் பற்றுகிறவை பிழைக்கின்றன, மற்றவை மடிகின்றன. தொடக்க உச்சத்தில் இருந்த எதிர்ப்பொருளைவிட மூன்றாம் மாதத்து எதிர்ப்பொருள் அளவில் குறைவாகவும் தரத்தில் பல மடங்கு உயர்வாகவும் இருப்பது இதனால்தான். கட்டுரையாளர் அளவை மட்டும் எடுத்துக்கொண்டார். தரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

முடிவில் இரண்டு வகைச் செல்கள் உருவாகின்றன. ஒன்று பிளாஸ்மா செல். ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கில் எதிர்ப்பொருளைச் சுரக்கும் செல் இது. இவற்றில் பெரும்பாலானவை சில நாட்களில் இறந்துவிடும். ஒரு சிறு பகுதி எலும்பு மஜ்ஜைக்குப் போய் ஆண்டுக்கணக்கில் தங்கிச் சுரந்துகொண்டே இருக்கும். மற்றொன்று நினைவு பி செல். இது எதையும் சுரப்பதில்லை. சும்மா இருக்கும், அதே கிருமியை மறுபடி கண்டால் சில நாட்களில் பெருகி, ஏற்கெனவே செம்மைப்படுத்திய எதிர்ப்பொருளை வெள்ளமாகக் கொட்டும். ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்து வாங்கும் எதிர்ப்பொருள் அறிக்கையில் நினைவு செல்லுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அந்தச் சோதனை அதை அளப்பதே இல்லை. கட்டுரையாளர் தன் தீர்ப்பு முழுவதையும் அந்த அறிக்கையை வைத்தே எழுதியிருக்கிறார். கோடையில் கிணற்று நீர் இறங்கியதைப் பார்த்துவிட்டு ஊற்று செத்துவிட்டது என்று சொல்லிக் கிணற்றைத் தூர்க்கச் சொல்கிறார்.

அவருடைய எண்ணையே எடுத்துக்கொள்வோம். இரத்தத்தில் உள்ள முக்கிய எதிர்ப்பொருளான ஐஜிஜி சுமார் 21 நாட்களுக்கு ஒருமுறை பாதியாகும். புரதம் என்ற முறையில் அதன் ஆயுள் அவ்வளவுதான். தடுப்பூசியின் உச்சத்துக்குப் பிறகு சுரக்கும் செல்கள் எல்லாமே இறந்துபோயிருந்தால், ஆறு மாதத்தில் மிஞ்சுவது ஏறத்தாழ 380-இல் ஒரு பங்கு. அதாவது அனேகமாக எதுவுமே மிஞ்சாது. ஆனால் அவர் எழுதியிருப்பது "பாதிக்கு மேல் குறைந்தது" என்றுதானே? மிச்சம் எங்கிருந்து வந்தது? யாரோ நாள் தவறாமல் சுரந்துகொண்டிருக்கிறார்கள் என்பதைத் தவிர இதற்கு விடை இல்லை. தன் வாதத்துக்கு ஆதாரமாக அவர் கொண்டுவந்த புள்ளியே மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்லுக்குச் சாட்சி சொல்கிறது.

நேரில் போய்ப் பார்த்தவர்களும் உண்டு. கோவிட் எதிர்ப்பொருள் வேகமாகக் குறைகிறது என்று உலகமே பதறிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அலி எல்லபெடியின் குழு நோயிலிருந்து மீண்டவர்களின் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தது. பெரும்பாலும் லேசாக நோய் வந்து போனவர்கள். சுமார் ஏழு மாதம் கழித்து மஜ்ஜை கொடுத்த 19 பேரில் 15 பேரிடம் அந்த வைரஸுக்கு எதிரான பிளாஸ்மா செல்கள் இருந்தன. எதிர்ப்பொருள் முதல் நான்கு மாதம் சரசரவென்று இறங்கியது, பிறகு மெதுவானது. 2021-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இது. முதல் நான்கு மாதச் சரிவைக் கட்டுரையாளர் சொல்கிறார். அதன் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை.

அந்தச் சரிவு நோயும் அல்ல, தோல்வியும் அல்ல. நாம் வாழ்நாளில் சந்திக்கும் ஒவ்வொரு கிருமிக்கும் உச்ச அளவு எதிர்ப்பொருளை இரத்தம் நிரந்தரமாகத் தாங்கி நின்றால் புரதம் மிகுந்து இரத்தமே கெட்டிப்பட்டுவிடும். பிளாஸ்மா செல் கட்டுமீறிப் பெருகும் மைலோமா போன்ற புற்றுநோய்களில் சிலருக்கு அப்படி ஆகிப் பார்வை மங்குகிறது, மூக்கில் இரத்தம் வருகிறது, சுயநினைவு தடுமாறுகிறது. ஆரோக்கியமான உடல் உச்சத்திலிருந்து இறங்கித்தான் ஆகவேண்டும்.

நீண்ட நாள் கணக்கு வேண்டுமா? டேனிஷ் மருத்துவர் பீட்டர் பானும் 1846-இல் ஃபாரோ தீவுகளுக்கு அனுப்பப்பட்டார். அங்கே தட்டம்மை வெடித்திருந்தது. சுமார் 7,800 பேரில் 6,000 பேர் வரை படுத்துவிட்டார்கள். அதற்கு முன் அத்தீவுகளில் தட்டம்மை வந்தது 1781-இல். அந்த ஆண்டு அம்மை கண்டு பிழைத்து, 65 ஆண்டு கழித்தும் உயிரோடிருந்த முதியவர்களைத் தேடித் தேடி விசாரித்தார் பானும். ஒருவருக்கும் இரண்டாம் முறை வரவில்லை. இடையில் கிருமியே இல்லாத தீவு அது. மறுபடி சந்தித்து ஞாபகப்படுத்திக்கொள்ளவும் வாய்ப்பில்லை. 1918-இன் பெருந்தொற்று ஃப்ளூவைக் குழந்தையாக இருந்தபோது கடந்தவர்கள் 32 பேரை, 91 முதல் 101 வயது வரையானவர்களை, அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2008-இல் எழுதினார்கள். 90 ஆண்டு கழித்தும் அந்த வைரஸைப் பற்றும் எதிர்ப்பொருள் அவர்களிடம் இருந்தது. அந்த முதியவர்களின் இரத்தத்திலிருந்து பி செல்களைப் பிரித்து, அவற்றிலிருந்து உருவாக்கிய எதிர்ப்பொருள் 1918 வைரஸிலிருந்து எலிகளைக் காப்பாற்றியது.

இவை இயற்கையாக வந்த தொற்றுகள், தடுப்பூசிக்கு இது பொருந்தாது என்று அவர் சொல்லலாம். பெரியம்மைத் தடுப்பூசி போட்டு 50 ஆண்டு கடந்தவர்களிடம் அதற்கான நினைவு பி செல்கள் இருப்பது 2003-இலேயே அளந்து காட்டப்பட்டது. ஓரிகானில் ஒரே ஆட்களை 26 ஆண்டு வரை தொடர்ந்து சோதித்த ஆய்வு 2007-இல் வந்தது. தடுப்பூசியால் உண்டான டெட்டனஸ் எதிர்ப்பொருள் பாதியாகக் குறைய சுமார் 11 ஆண்டு, தொண்டை அடைப்பானுக்கு உரியது பாதியாக 19 ஆண்டு பிடித்தது. அவர் மறுக்கச் சொல்லும் அதே முத்தடுப்பு ஊசியில் இருக்கும் இரண்டு நோய்கள் இவை. சில மாதக் கணக்கை எங்கிருந்தோ எடுத்து வந்து இவற்றின் தலையில் ஏற்றியிருக்கிறார்.

எல்லாத் தடுப்பூசியும் ஒரே மாதிரி உழைக்கும் என்று நான் சொல்லவரவில்லை. கக்குவான் இருமலுக்கான பாதுகாப்பு சில ஆண்டுகளில் தளர்கிறது. ஃப்ளூ வைரஸ் ஆண்டுதோறும் உருமாறுகிறது. நினைவு செல் விழித்துப் பெருகச் சில நாட்கள் வேண்டும். இரண்டு மூன்று நாளில் நோயாக வெடிக்கும் கிருமி அதற்குள் முந்திக்கொள்ளும். அதனால் அத்தகைய கிருமிகளுக்கு எதிராக எதிர்ப்பொருள் தயாராக நிற்பது முக்கியம். நிதானமாக வரும் கிருமியிடம் கதை வேறு. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலில் நுழைந்து மஞ்சள் காமாலையாக வெளிப்பட ஒன்றரை மாதம் முதல் ஆறு மாதம் ஆகும். தடுப்பூசி போட்ட பலருக்குச் சில ஆண்டுகளில் எதிர்ப்பொருள் சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. கட்டுரையாளரின் கணக்குப்படி அவர்களுக்குப் பாதுகாப்பே இல்லை. அலாஸ்காவில் 1981-இல் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களை 30 ஆண்டு கழித்துச் சோதித்தபோது, பத்தில் ஒன்பது பேருக்குக் குறையாமல் பாதுகாப்பு இருப்பது தெரிந்தது. எதிர்ப்பொருள் இறங்கியிருந்தவர்களிலும் பெரும்பாலோரிடம் ஒரே ஓர் ஊக்க ஊசி நினைவு செல்களை எழுப்பிவிட்டது.

அடுத்தது, பி செல் இல்லாமலே கோவிட்டிலிருந்து மீண்ட நோயாளிகள். இந்த இடத்தைப் படித்தபோதுதான் இந்த எதிர்வினையை எழுதியே தீருவது என்று உட்கார்ந்தேன். பிறவியிலேயே பி செல் இல்லாத இருவர் 2020-இல் இத்தாலியில் கோவிட்டிலிருந்து மீண்டார்கள் என்பது உண்மை. அதிலிருந்து எதிர்ப்பொருளே வேண்டாத பொருள் என்று முடிவுகட்டுகிறார். அந்த நோய் என்ன, அந்த நோயாளிகள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தாலே இந்த வாதம் செத்திருக்கும்.

வாஷிங்டனின் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் ஆக்டன் புரூட்டன் என்ற குழந்தை மருத்துவரிடம் ஓர் எட்டு வயதுச் சிறுவன் வந்தான். நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமி இரத்தத்தில் பரவி அவன் மீண்டும் மீண்டும் சாவின் விளிம்புக்குப் போய்வந்தான். பெனிசிலின் கொடுத்தால் தேறுவான், சில வாரத்தில் மறுபடி படுப்பான். இரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்த்தபோது காமா குளோபுலின் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. எதிர்ப்பொருள் என்பதே அவனிடம் இல்லை. மற்றவர்களின் இரத்தத்திலிருந்து எடுத்த காமா குளோபுலினை மாதந்தோறும் ஊசியாகப் போட்டார் புரூட்டன். இரத்தத் தொற்று நின்றது. 1952-இல் இதை அவர் எழுதி வெளியிட்டார். காரணமான மரபணு 1993-இல் பிடிபட்டது. எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் இந்நோய் அனேகமாக ஆண் குழந்தைகளுக்கே வருகிறது.

இந்தக் குழந்தைகள் முதல் ஆறு மாதம் நன்றாக இருப்பார்கள். தாயின் எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியாக வந்து சேமிப்பில் இருக்கும். அது தீர்ந்ததும் காதில் சீழ், நெஞ்சில் சளி, நிமோனியா என்று வரிசையாகத் தொடங்கும். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தால் தொண்டையின் இருபுறமும் டான்சில் இருக்கும் இடம் வெறுமையாகத் தெரியும். பி செல்கள் நிறைந்து உருண்டையாகும் உறுப்பு அது. செல் இல்லாததால் உறுப்பும் திரளவில்லை. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனைப் படுக்கையில் கையை நீட்டி இம்யூனோகுளோபுலின் ஏற்றிக்கொள்ளவேண்டும். வாழ்நாள் முழுவதும். ஒவ்வொரு புட்டியும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்த பிளாஸ்மாவைக் கலந்து பிரித்தெடுத்தது. விலையும் அதற்கேற்ப. இத்தாலியின் அந்த இருவரும்கூட அந்நியர்களின் எதிர்ப்பொருளால் உயிர் தரித்திருந்தவர்கள்தான். கோவிட் வைரஸுக்கு எதிராக டி செல்கள் என்ற வேறு வகை நோயெதிர்ப்பு செல்கள் அவர்களிடம் நின்றன, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இதே நோயோடு இருந்த வேறு சிலரிடம் அந்த வைரஸ் மாதக்கணக்கில் விலகாமல் கிடந்தது. பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்தில் இருந்த நோயாளிகள் கோவிட்டில் பட்ட பாட்டை அந்த ஆண்டுகளில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். பிறர் தானமாகக் கொடுக்கும் எதிர்ப்பொருளை நம்பி மாதாமாதம் மருத்துவமனைக்கு நடக்கும் ஒரு சிறுவனை, எதிர்ப்பொருள் தேவையில்லை என்பதற்குச் சாட்சியாக நிறுத்துவது அறிவு சார்ந்த தவறு மட்டுமில்லை. அந்தச் சிறுவனுக்கும் அவன் பெற்றோருக்கும் இழைத்த அவமதிப்பு.

எதிர்ப்பொருள் என்ற கருத்தே மருந்துக் கம்பெனிகள் விற்பனைக்காகக் கட்டிய கதை என்று கட்டுரையில் ஒரு பத்தி ஓடுகிறது. புரூட்டனின் சிறுவனை எந்தக் கம்பெனி அனுப்பியது? பி செல்லின் இருப்பிடத்துக்கான முதல் தடயம் ஒரு கோழிப்பண்ணையிலிருந்து கிடைத்தது. கோழியின் எச்சத்துவாரத்தை ஒட்டி ஃபாப்ரீசியஸ் பை என்று ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அது எதற்கு என்று முந்நூறு ஆண்டுக்கு மேலாக யாருக்கும் தெரியவில்லை. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ப்ரூஸ் கிளிக் என்ற மாணவர் அதைக் குஞ்சுகளிலிருந்து வெட்டி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் எதிர்ப்பொருள் உண்டாவதைக் காட்ட வேண்டியிருந்த சக மாணவர் திமோதி சாங் அவரிடம் கோழிகள் கேட்டு வாங்கினார். கிருமியை ஊசியாகப் போட்டார். பை நீக்கப்பட்ட கோழிகளில் எதிர்ப்பொருளே உண்டாகவில்லை. பெயர்பெற்ற ஆய்விதழ் ஒன்று கட்டுரையைத் திருப்பி அனுப்ப, 1956-இல் கோழியின ஆய்விதழ் ஒன்றில்தான் அது வெளிவந்தது. ஏறத்தாழ பத்தாண்டு கழித்து மேக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் மின்னசோட்டாவில் அதைத் தொடர்ந்துபோய், தைமஸ் சுரப்பியில் வளரும் டி செல் வேறு, எதிர்ப்பொருள் தரும் பி செல் வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். இதில் விற்பனைக்கு என்ன இருந்தது?

இயற்கையாக நோய் வந்து போவதே உண்மையான எதிர்ப்பு சக்தி என்கிறார். டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி போட்டுத்தான் அனுப்பவேண்டும் என்பதை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சொல்வார்கள். அதன் நச்சு அவ்வளவு கொடியது. ஆளைக் கொல்லப் போதுமான அளவு, பி செல்லைத் தூண்டப் போதாது. நோய் வந்தாலும் எதிர்ப்பு வராது. தடுப்பூசியில் வீரியம் நீக்கிய நச்சைத் தாராளமாகக் கொடுக்க முடிவதால்தான் எதிர்ப்பொருள் உண்டாகிறது. துருப்பிடித்த பிளேடால் கொடி அறுத்த வீடுகளில் பிறந்து மூன்றாம் நாளோ ஏழாம் நாளோ பால் குடிக்க முடியாமல் வாய் இறுகி, உடல் வில்லாய் வளைந்து செத்த சிசுக்களுக்கு இயற்கை எந்தச் சக்தியையும் கொடுக்கவில்லை. கர்ப்பிணிக்குப் போட்ட ஊசி தாயின் பி செல்களைத் தூண்டி, அவை சுரந்த ஐஜிஜி நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போனதும், சுத்தமான பிரசவமும் சேர்ந்துதான் இதை நிறுத்தின. பச்சிளம் குழந்தைகளின் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-இல் உறுதிசெய்யப்பட்டது.

தட்டம்மை இன்னும் மோசம். அந்த வைரஸ் பி செல்களுக்குள்ளேயே நுழைகிறது. 2013-இல் நெதர்லாந்தில் தடுப்பூசியை மறுக்கும் சமூகம் ஒன்றில் தட்டம்மை பரவியபோது, அதற்கு முன்னும் பின்னும் 77 குழந்தைகளின் இரத்தத்தை எடுத்து வைத்திருந்தார்கள். 2019-இல் முடிவு வந்தது. வேறு கிருமிகளுக்கு எதிராக அந்தக் குழந்தைகள் அதுவரை சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பொருள் வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்துபோயிருந்தது. தட்டம்மைத் தடுப்பூசி போட்ட குழந்தைகளிடம் இந்த இழப்பு இல்லை. ஒருமுறை அம்மை வந்தால் உடல் பலப்படும் என்று ஒருவர் தமிழில் எழுதுகிறார். அந்த அம்மையோ அதுவரை சேர்ந்த நோயெதிர்ப்பு நினைவையே துடைத்துப்போடுகிறது. 2017-இல் தட்டம்மை ருபெல்லா ஊசி தமிழகப் பள்ளிகளுக்கு வந்தபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியைக் கண்டு எத்தனை பெற்றோர் பயந்து பின்வாங்கினார்கள் என்பது நமக்கு மறந்துவிடவில்லை. அந்த வதந்திகளை எழுதியவர்களுக்கு முகம் இல்லை. இந்தக் கட்டுரைக்கு முகமும் மதிப்பும் இருக்கின்றன. அதனால் கேடும் அதிகம்.

தாய்ப்பாலை அவர் போற்றுகிறார், நானும் போற்றுகிறேன். சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக வைக்கும் பழக்கத்தை அவர் கண்டித்திருப்பது சரி. ஆனால் அந்த மஞ்சள் பாலில் குழந்தையைக் காப்பது எது? பெரும்பகுதி ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள். தாயின் குடலில் கிருமியைச் சந்தித்த பி செல்கள் இடம்பெயர்ந்து மார்புக்கு வந்து, பிளாஸ்மா செல்லாகிச் சுரப்பது அது. பாம்புக்கடிக்கு மாற்று மருந்து உடனே போடவேண்டும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். மாமல்லபுரம் பக்கத்தில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றிலிருந்து நஞ்சு எடுக்கிறார்களே, அதைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் பி செல்கள் சுரந்த எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பதுதான் அந்த மருந்து. குதிரையின் பி செல்லை நம்பி உயிரை ஒப்படைக்கச் சொல்பவர், குழந்தையின் பி செல்லை நம்ப வேண்டாம் என்கிறார்.

இரண்டு வயதுக்குள் நோயெதிர்ப்பு மண்டலம் முதிராது, ஆகவே அதற்கு முன் ஊசி வீண் என்ற வாதத்தில் அரை உண்மை இருக்கிறது. அதனால்தான் விளக்கமாகப் பதில் சொல்லவேண்டும். சில பாக்டீரியாக்கள் சர்க்கரைப் பொருளாலான உறையைப் போர்த்திக்கொள்கின்றன. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஹிப் கிருமி அப்படிப்பட்டது. வெறும் சர்க்கரை உறையை மட்டும் கொடுத்தால் கைக்குழந்தையின் பி செல் சரியாகத் தூண்டப்படாது. அந்தக் கிருமி அதிகம் கொல்வதோ அதே வயதுக் குழந்தைகளைத்தான். ஆய்வாளர்கள் அந்த உறையை டெட்டனஸ் நச்சின் வீரியம் நீக்கிய புரதம் போன்ற ஒன்றோடு பிணைத்தார்கள். பி செல் சர்க்கரையைப் பற்றும்போது ஒட்டியிருக்கும் புரதத்தையும் சேர்த்து விழுங்குகிறது, அதன் துண்டை டி செல்லுக்குக் காட்டுகிறது, டி செல் உதவிக்கு வருகிறது. இரண்டு மாதக் குழந்தையிடமும் எதிர்ப்பொருளும் நினைவும் உண்டாகின்றன. அவர் சொல்லும் குறைபாடு பல பத்தாண்டுக்கு முன்பே தெரிந்து, தீர்வும் கண்டாகிவிட்டது. இந்தியாவில் அந்தத் தீர்வு அடங்கிய பென்டாவேலன்ட் ஊசியை 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும். குறைபாட்டை மட்டும் சொல்லித் தீர்வை விட்டுவிடுவது பாதி மருந்துச்சீட்டைக் கிழித்துக் கொடுக்கும் வேலை.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடிகள், கஷாயங்கள் பற்றி அவர் எழுதியதில் அதிக நேரம் செலவிட எனக்கு விருப்பமில்லை. எந்தக் கஷாயமும் ஒரு குறிப்பிட்ட கிருமிக்கான நினைவு செல்லை உண்டாக்காது. அதை உண்டாக்க அந்தக் கிருமியோ அதன் ஒரு பகுதியோ உடலுக்குத் தெரிந்தாக வேண்டும். பொத்தாம் பொதுவாகப் பி செல்லைத் தூண்டுவது நல்லதும் அல்ல. அது கட்டுமீறினால் லிம்போமா, சொந்த உடலையே தாக்கினால் லூபஸ்.

இப்போது அந்த மூன்றாவது வாக்கியம். எதிர்ப்பொருள் குறைகிறது என்பது அவருடைய அடிப்படை. அது உண்மையானால் ஊக்கத் தவணை அவசியம் என்றல்லவா முடிவு வரவேண்டும்? தொண்டை அடைப்பான் கிருமி இரண்டு முதல் ஐந்து நாளில் நோயாகிவிடும். அதன் நச்சு இதயத்தைத் தாக்கும். நினைவு செல் விழித்து வரும்வரை காத்திருக்க நேரம் இல்லாமல் போகலாம், எதிர்ப்பொருள் இரத்தத்தில் தயாராக நிற்கவேண்டும். ஐந்து வயது ஊசி பழைய நினைவு செல்களை எழுப்பிப் புதிய பிளாஸ்மா செல்களை மஜ்ஜைக்கு அனுப்புகிறது. இது தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு 1990-களின் சோவியத் நாடுகளைப் பார்த்தால் போதும். தடுப்பூசி ஏற்பாடு குலைந்து, பெரியவர்களிடம் எதிர்ப்பு தளர்ந்திருந்த சமயத்தில் தொண்டை அடைப்பான் திரும்பி வந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், சுமார் 5,000 பேர் இறந்தார்கள்.

இதழாசிரியரிடம் நான் கேட்பது ஒன்றுதான். கட்டுரையாளரின் கருத்தோடு நீங்கள் மோத வேண்டாம். ஆனால் ஐந்து வயது ஊசியை மறுக்கலாம் என்ற அந்தப் பரிந்துரையை, அது வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திரும்பப் பெறுங்கள். கூடவே இதையும் அச்சிடுங்கள்: முத்தடுப்பு ஊசியின் இரண்டாவது ஊக்கத் தவணை ஐந்து முதல் ஆறு வயதுக்குள் போடப்படுவது. சென்ற இதழைப் படித்துவிட்டு யாராவது தள்ளிப்போட்டிருந்தால், ஏழு வயது முடிவதற்குள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம். அந்த வயது கடந்திருந்தாலும் டிடி ஊசி உண்டு. தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு போய்ச் செவிலியரிடம் காட்டினால் போதும்.